பார்த்த இடத்தில் பழுதில்லை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘இல்லையக்கா’ என்று பெயர். நேரில் எல்லோரும் வெறும் அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால்தான் இல்லையக்கா. பெயர் வைத்த புண்ணியவான் எங்கள் ஸ்டோர் கீப்பர். ஒரு லிஃப்ட் கம்பெனியின் கடிதப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு இருபத்தொன்பது வருஷமாக ஒரு பெண் ‘இல்லை, முடியாது, கிடையாது’ என்றே இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அக்காவுக்கும் அந்தப் பெயர் தெரியும். ஒருநாள் ஸ்டோர் கீப்பரிடமே கேட்டார்: “ஏன்ப்பா, நான் ‘உண்டு’ன்னு எழுதினா நீ ஸ்டோர்ல எடுத்துத் தர்றதுக்கு என்ன இருக்கு?” அன்றிலிருந்து அவர் கொஞ்ச நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நான் அக்காவுக்குப் பக்கத்து மேசை டைப்பிஸ்ட். பதினாலு வருஷம். அவர் பென்சிலில் எழுதிக் கொடுப்பார், நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். கடிதத்தின் அடியில் இடது மூலையில் அவருடைய பெயரின் இரண்டு எழுத்து, ஒரு சாய்கோடு, என் பெயரின் இரண்டு எழுத்து. எழுதியவர் யார், அடித்தவர் யார் என்பதற்கு அது அடையாளம். மேனேஜர் மேலே கையெழுத்துப் போடுவார். அடித்து முடித்ததும் பென்சில் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவேன். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் கம்பெனி முந்நூறு கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரித்தது. மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் சொல்வதை வைத்து அக்கா அறிக்கை எழுதுவார். கட்டடக்காரர்களுக்குப் போகிற அறிக்கையின் நகல் வேறு தேசத்தில் இருந்த தாய்க் கம்பெனிக்கும் போகும் என்பதால் இங்கிலீஷில்தான் எழுதவேண்டும். மெக்கானிக்குக்கு இங்கிலீஷ் வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. அவர் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்தான்.

“ஒண்ணும் இல்லக்கா. நல்லா ஓடுது.”

“ஒண்ணும் இல்லன்னா? பாத்து இல்லையா, பாக்காம இல்லையா?”

“பாத்தேன்க்கா.”

“என்னென்ன பாத்த?”

“கயிறு, பிரேக்கு, கதவு, மேல மோட்டார் ரூம்...”

“கீழ, லிஃப்டுக்கு அடியில இருக்கிற குழி?”

மெக்கானிக் தலையைச் சொறிவார். வாட்ச்மேன் சாவி கொடுக்கவில்லை, அல்லது குழியில் பூனை குட்டி போட்டிருக்கிறது, அல்லது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அக்கா திட்டமாட்டார். பார்த்ததைப் பார்த்ததாகவும் பார்க்காததைப் பார்க்காததாகவும் எழுதுவார். அவ்வளவுதான் அவருடைய கலை. கேட்கிறவருக்கு இதில் என்ன பெரிய வித்தை என்றுதான் தோன்றும். எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான் தோன்றியது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். “ஏன்க்கா, ‘நோ டிஃபெக்ட் வாஸ் ஃபவுண்ட்’னு ஒரு கடுதாசியில எழுதுறீங்க. ‘வீ ஆர் நாட் அவேர் ஆஃப் எனி டிஃபெக்ட்’னு இன்னொண்ணுல எழுதுறீங்க. ‘தேர் இஸ் நோ டிஃபெக்ட்’னு எப்பவாவது எழுதுறீங்க. எல்லாம் ஒரே இல்லைதானே? எனக்கு அடிக்கிற வேலைதான் மிச்சம்.”

அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “அடியே, ‘காணப்படவில்லை’ன்னா நாங்க போய்ப் பாத்தோம், பாத்த இடத்துல பழுது இல்ல. ‘எங்களுக்குத் தெரியவில்லை’ன்னா யாரும் வந்து சொல்லல, நாங்களும் போகல. ‘கிடையாது’ன்னா பாக்காத இடத்துக்கும் சேத்து நான் பொறுப்பு. மூணும் ஒண்ணுன்னா நீ கடைக்காரன்கிட்ட ‘சில்லறை இருக்கா’ன்னு கேட்டுப் பாரு. பையைத் தொட்டுப் பாத்துட்டு இல்லன்னு சொல்றவனும், தொடாமலே இல்லன்னு சொல்றவனும் ஒண்ணா?”

“அப்ப ‘நாட் எ சிங்கிள் டிஃபெக்ட்’?”

“அது யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டாத்தான். கேக்காம நாமளே ‘ஒண்ணே ஒண்ணுகூட இல்ல’ன்னு சொன்னா, என்னமோ ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். மாமியார் கேக்காமலே மருமக ‘நான் பாலைக் குடிக்கவே இல்ல’ன்னு சொல்ற மாதிரி.”

“கடைசியில ‘வாட்ஸோஎவர்’ போடுவாங்களே, அது?”

“அது சத்தியம். பொழப்புல ஒரு தடவைகூட நான் போட்டதில்ல. லிஃப்டுக்குப் போய் யாராவது சத்தியம் பண்ணுவாங்களா?”

இந்தக் காது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அம்மாவிடமிருந்து என்பார். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. அப்பா இல்லாத வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா நேராக வார்டுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படிப்பார். டாக்டர் வெளியே வந்து “ஒண்ணும் இல்லம்மா” என்றால் அந்தக் குடும்பம் மறுநாள் வீட்டுக்குப் போகும். “இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா” என்றால் உறவுக்காரர்களுக்குச் சொல்லியனுப்பும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை படி உண்டு என்று பத்து வயதிலேயே எண்ணிவைத்திருந்ததாகச் சொல்வார்.

இருபத்துமூன்று வயதில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் “இப்போதைக்கு இல்லை” என்று சொல்லியனுப்பினார்கள். மற்றவர்கள் அதை ‘வேண்டாம்’ என்று படித்தார்கள். அக்காவுக்கு மட்டும் அந்த ‘இப்போதைக்கு’ கண்ணில் பட்டது. இரண்டு வருஷம் காத்திருந்தார். அந்த மாப்பிள்ளை வேறிடத்தில் கல்யாணம் செய்து குழந்தையும் பெற்ற பிறகுதான் அம்மாவால் வேறு வரன் பார்க்கவே அவரிடம் சம்மதம் வாங்கமுடிந்தது. கடைசியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். “எங்க வீட்டுல அகராதி நான், அட்டை அவரு” என்று அக்கா சிரிப்பார்.

கம்பெனியில் சேர்ந்த முதல் வருஷம் அக்காவும் கன்னாபின்னாவென்றுதான் எழுதியிருக்கிறார். ஒரு கட்டடத்துக்கு ‘நோ ப்ராப்ளம்’ என்று எழுதி அனுப்பினாராம். தாய்க் கம்பெனியிலிருந்து யாரோ ஒரு பொறியாளர் ஒற்றை வரியில் பதில் போட்டார்: ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ அக்கா அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். மனுஷிக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. அதோடு மாறினார்.

இனி எங்கள் மேனேஜரைச் சொல்லவேண்டும். சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாய் நாறும், இருந்தாலும் சொல்லாமல் முடியாது.

அவரும் அக்காவும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் விற்பனைப் பிரிவில். வாய் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பார்களே, அந்த ரகம். பேச்சில் மலையையே விற்பார். எழுதச் சொன்னால் வியர்க்கும். அவருடைய கடிதங்களை எல்லாம் அக்காதான் எழுதினார். பதவி உயர்வுக்கு விண்ணப்பமும் அக்கா எழுதியதுதான். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் மதியச் சாப்பாடு அக்கா வீட்டிலிருந்து போனது. ஒரே வயசுதான் என்றாலும் “அக்கா, அக்கா” என்றுதான் கூப்பிடுவார். “நீங்க இல்லன்னா நான் ஏதுக்கா?” என்று எங்கள் எல்லோர் முன்னாலும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அக்காவும் அதை நம்பினார். இல்லை என்பதில் இத்தனை வகை தெரிந்த மனுஷிக்கு, ஆமாம் என்பதில் ஒரு வகைதான் தெரிந்திருந்தது.

ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் எங்கள் லிஃப்ட் இருந்தது. ஒப்பந்தம் முடிகிற நேரம். வேறொரு கம்பெனி அவர்களை இழுத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழியில் தண்ணீர் நிற்கிறது, இறங்க முடியவில்லை என்று தன் வேலை அட்டையிலும் தமிழில் எழுதினார், அக்காவிடமும் சொன்னார். அக்கா நாலாவது பத்தியில் எழுதியது எனக்கு இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்துத் தெரியும். ‘சோதித்த பாகங்களில் பழுது எதுவும் காணப்படவில்லை. குழி சோதிக்கப்படவில்லை.’ இங்கிலீஷில் இரண்டு சின்ன வாக்கியங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நாலு மணிக்குக் கிளம்பிப்போனார்.

நாலேகாலுக்குக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்தார். நான் அப்போதுதான் கடிதத்தை அடித்து மேனேஜர் மேசையில் வைத்திருந்தேன். செயலாளர் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“காணப்படவில்லைன்னா என்ன சார் அர்த்தம்? இருக்கு, உங்க ஆளு கண்ணுக்குத் தெரியலன்னா? அந்தக் கம்பெனிக்காரன் எவ்வளவு அழுத்தமா எழுதிக் கொடுக்கிறான் தெரியுமா?”

மேனேஜர் சிரித்துக்கொண்டே தாளோடு என் மேசைக்கு வந்தார். “அந்த நாலாவது பாராவ எடுத்துடும்மா. ‘தேர் இஸ் நோ டிஃபெக்ட் வாட்ஸோஎவர் இன் தி லிஃப்ட்’னு போடு.”

“அக்கா வந்துடட்டுமே சார்.”

“பல்லு புடுங்கப் போனவங்க நாளைக்குத்தான் வருவாங்க. ஒரு வார்த்தைதானேம்மா. எல்லாம் இல்லைதானே?”

அடித்தேன். பழைய கடிதத்தின் மேலேயே அடித்து அதே பெயரில் சேமித்தேன். மூலையில் அக்காவின் இரண்டு எழுத்து அப்படியே நின்றது. அதை எடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. பதினாலு வருஷப் பழக்கம். கை அந்த இடத்துக்குப் போகவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டார், செயலாளர் வாங்கிக்கொண்டு போனார், நான் பென்சில் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

மறுநாள் அக்கா வீங்கிய கன்னத்தோடு வந்தார். சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொல்வார், மேனேஜர் என்னைக் குதறிவிடுவார். பல்வலியோடு இருக்கிறார், நாளைக்குச் சொல்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நாளை வரவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஐந்தாம் மாடித் தையற்காரம்மா துணி மூட்டையோடு லிஃப்டில் இறங்கினார். லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்காமல் குழிக்குள் போய் மோதியது. அங்கே அடியைத் தாங்கவேண்டிய ஸ்பிரிங் தண்ணீரில் ஊறித் துருப்பிடித்து இற்றுக் கிடந்தது. அந்த அம்மாவுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். காலால் மிதித்துத் தைக்கிறவருக்குக் கால் போனால் என்ன மிஞ்சும் என்று யாரும் சொல்லவில்லை.

கோப்பிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து வந்தார்கள். அக்கா நின்றபடியே படித்தார். நாலாவது பத்திக்கு வந்ததும் அவருடைய உதடு அசைவது நின்றது.

“இது என்னுது இல்ல.”

பிறகு பார்வை தாளின் இடது மூலைக்குப் போனது. தன்னுடைய இரண்டு எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

டீ குடிக்கிற அறையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். “அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? குழியப் பாக்கச் சொல்லியிருப்பேன்டி. அந்த அம்மா கால் தப்பிச்சிருக்கும்.” பிறகு தன் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டார். “சரி விடு. கேட்டாங்கன்னா நடந்தத நடந்த மாதிரி சொல்லு. எனக்கு அது போதும்.”

மேனேஜரிடமும் போய்க் கேட்டார். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றாராம். “நீங்க கவலைப்படாதீங்கக்கா. நான் இருக்கேன்ல? நான் பாத்துக்கறேன்.” அக்கா நிம்மதியோடு வந்து உட்கார்ந்து, அன்றைக்கு எழுதவேண்டிய ஏழு கடிதங்களையும் எழுதி முடித்தார்.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தை விசாரணையில் பார்த்தோம். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மேனேஜர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில் பேசினார்.

“அவங்க நேர்மையில எனக்குச் சந்தேகமே கிடையாது சார். இருபத்தொன்பது வருஷமா பாக்கறேன். கொஞ்சம் ஆர்வக்கோளாறு, அவ்வளவுதான். கஸ்டமர் ஒப்பந்தம் போயிடக் கூடாதேன்னு கம்பெனி மேல இருக்கிற பாசத்துல ஒரு வார்த்தை கூடுதலா எழுதிட்டாங்க. நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அவங்க எழுதினா நான் படிக்கிறதே இல்ல சார், அவ்வளவு நம்பிக்கை.”

பாவி. ஊசி இறங்குவதே தெரியாமல் குத்தினான். திட்டியிருந்தால்கூட அக்கா பதில் சொல்லியிருப்பார். புகழ்ந்துகொண்டே கழுத்தை அறுக்கிறவனிடம் என்ன பேசுவது?

மெக்கானிக்கின் அட்டை மேசைமேல் இருந்தது. குழியில் இறங்கவில்லை என்று அதில் தெளிவாக இருந்ததால் அவர் தப்பித்தார். ஆகவே, மெக்கானிக் சொன்னதை மறைத்தது யார்? எழுதியவர். எழுதியவர் யார்? மூலையில் இருக்கிறதே.

அக்கா எழுந்து நின்றார். “மேல மூணு பாரா என்னுது சார். நாலாவது என்னுது இல்ல. நான் ‘காணப்படவில்லை’ன்னு எழுதினேன். குழியப் பாக்கலன்னும் எழுதினேன்.”

மூத்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அந்தக் குழி வாக்கியத்துக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா? நீங்க எழுதின தாள்?”

“கிழிச்சுட்டாங்க சார். அதுதான் பழக்கம்.”

“கம்ப்யூட்டர்ல?”

“அதே கடிதத்து மேல மாத்தி அடிச்சிருக்காங்க.”

“அப்ப நீங்க சொல்றது மட்டும்தான்.”

“என் பழைய கடிதம் எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க சார். இருபத்தொன்பது வருஷத்துல ‘வாட்ஸோஎவர்’ங்கிற வார்த்தைய ஒரே ஒரு கடிதத்துல காட்டுங்க. இது என் கையில இருந்து வராது.”

இளைய அதிகாரி சிரித்துவிட்டார். “வார்த்தையெல்லாம் விடுங்கம்மா. நோ டிஃபெக்ட்னாலும் நோ டிஃபெக்ட் வாட்ஸோஎவர்னாலும் பழுது இல்லங்கிறதுதானே? ஒரே அர்த்தம்தான்.”

அக்காவின் முகம் அப்போதுதான் சிவந்தது. “ஒரே அர்த்தமா இருந்தா, சார், அதை எதுக்கு மாத்தணும்?”

அக்கா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். மூத்த அதிகாரிக்கும் அது உறைத்திருக்கவேண்டும். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானே அடிச்சது? மேனேஜர் இந்தப் பாராவை மாத்தச் சொன்னாரா?”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். முந்தின நாள் மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டிருந்தார். மிரட்டவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார். என் வேலை வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலை. என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு எட்டு மாதமாகச் சும்மா இருந்தார். மகளுக்கு அந்த வருஷம்தான் கல்லூரி. இது எதையும் அவர் பேசவில்லை. எல்லாம் நலமா என்று மட்டும் கேட்டார். “நாளைக்கு உன்னைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. நான் அப்படிப்பட்டவன் இல்ல. ஞாபகம் இருக்கிறத மட்டும் சொல்லு. இத்தனை கடுதாசி அடிக்கிற, எல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்?”

இத்தனை நேரம் மேனேஜரைப் பாவி என்றேன். கொஞ்சம் எனக்கும் மிச்சம் வைத்திருக்கவேண்டும்.

அதிகாரி காத்திருந்தார். மேனேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை; பார்க்கத் தேவையில்லை என்று இருந்தார். மடியில் கைகளைக் கோத்து, வேலை முடிந்ததுபோல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

“மாத்தச் சொன்னாரா, சொல்லலையா?”

“சரியா ஞாபகம் இல்ல சார். நிறைய கடிதம் அடிக்கிறேன்.”

இளைய அதிகாரி அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் விசாரணை முடிந்தது.

வெளியே நடைவழியில் அக்கா தண்ணீர்க் குழாயருகே நின்றிருந்தார். நான் கிட்டே போனேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“மாத்தச் சொல்லலன்னு நீ சொல்லியிருந்தா, ‘இவ பயந்துட்டா, பொய் சொல்றா’ன்னு நெனச்சிருப்பேன்” என்றார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது. “பொய்னா நானும் எதுத்து நிப்பேன். குறுக்கக் கேள்வி கேக்கச் சொல்வேன். ஒரு பொய்ய எங்கயாவது புடிச்சுடலாம். ஞாபகம் இல்லன்னு சொல்றவளை எங்க போய்ப் புடிக்கிறது? உனக்கும் சேதம் இல்ல, அவருக்கும் சேதம் இல்ல. எவ்வளவு பாத்து எடுத்திருக்க! பக்கத்துல உக்காந்து இதைத்தான் கத்துக்கிட்டியா நீ?”

“அக்கா, என் நிலைமை...”

“உனக்கு வேலை போயிடும்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட வந்து, ‘அக்கா, என்னால முடியாது’ன்னு முந்தின நாளே சொல்லியிருக்கலாம்லடி. நான் உன்னை நம்பி எழுந்து நின்னிருக்க மாட்டேன்ல?”



அக்காவை வேலையை விட்டு நீக்கவில்லை. ஓய்வு பெற்றுக்கொள்ள ‘அனுமதித்தார்கள்’. மேனேஜர் ஒரு பிரிவுபசாரக் கூட்டம் வைக்கப் பார்த்தார், அக்கா வரவில்லை. தையற்காரம்மாவின் வழக்கறிஞருக்குக் கம்பெனி அனுப்பிய பதிலில் ‘ஓர் ஊழியரின் தனிப்பட்ட மொழிப் பிழை’ என்று ஒரு வரி இருந்தது. அதை நான்தான் அடித்தேன். வேறு ஆள் இல்லாததால் கடிதங்களை எழுதவும் என்னையே வைத்தார்கள். மெக்கானிக் வந்து “ஒண்ணும் இல்லங்க” என்பார். குழியைப் பார்த்தாயா என்று கேட்பேன். கேட்கும்போது அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். ஸ்டோர் கீப்பர் எனக்குப் பட்டப்பெயர் எதுவும் வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், மனசைக் கல்லாக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நாற்பது தடவையாவது போன வீடு. இரண்டாம் மாடி, படியேறினதும் இடதுபக்கம். சாப்பாட்டு நேரத்தில் போனால், “வாடி, மோப்பம் புடிச்சுட்டு வந்துட்டியா?” என்று தட்டு வைப்பார். செய்த பாவத்துக்குக் காலில் விழுவது என்று முடிவோடு போயிருந்தேன். கத்துவார், கதவைச் சாத்துவார், எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். மீட்டர்க்கார அண்ணன்தான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி நடந்தார்.

அக்கா துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

“வாங்க. உள்ள வாங்க.”

எனக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை.

“உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி கொண்டு வரட்டுமா?”

“அக்கா...”

“வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? உங்க பொண்ணு காலேஜ் போறாங்களா?”

என் மகளுக்கு மூன்று வயதில் காது குத்தும்போது அக்காதான் மடியில் வைத்துக்கொண்டார். அவளையும் ‘போறாங்களா’ என்றார். நான் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தேன்.

“என்னைத் திட்டுங்கக்கா. செருப்பால அடிங்க. இப்படிப் பேசாதீங்க.”

“எதுக்குங்க திட்டணும்? எனக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்லங்க. எழுந்திருங்க, தரையெல்லாம் தூசி. டீ போடறேன், சக்கரை உங்களுக்கு எவ்வளவு?”

பதினாலு வருஷம் ஒரே டம்ளர் டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள் நாங்கள். ஒரு ஸ்பூன் என்றேன். கொண்டுவந்து, கீழே தட்டு வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து மழை பற்றிப் பேசினார். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

“வந்ததுக்கு ரொம்ப சந்தோஷங்க. படியில வெளிச்சம் கம்மி. பாத்துப் போங்க.”